ஒரு கருத்துக்கு ஒரு சிறு நிரல்: எடுத்துக்காட்டு நிரல் எழுத முழுமையான வழிகாட்டி

புதிதாக வந்தவருக்கு ஒரு கருத்தைப் புரியவைக்க, ஆவணத்தில் ஒரு வசதியை விளக்க, உடன் வேலை செய்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்க, எல்லாவற்றுக்கும் பத்து வரிக்குள் அடங்கும் ஒரு நிரல் தேவைப்படுகிறது. பார்த்தால் எளிய வேலைதான். ஆனால் பலர் எழுதிய எடுத்துக்காட்டுகளைத் திருத்திக் கொடுத்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிரல் பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் சொல்லவந்த கருத்து அதில் வெளிப்படவே இல்லை.

காரணம் பெரும்பாலும் வரிசைதான். எல்லோரும் நிரலை முதலில் எழுதி, அப்புறம் ஓட்டிப் பார்த்து, வந்த வெளியீட்டுக்கு விளக்கம் தேடுகிறார்கள். இங்கே சொல்லும் முறை தலைகீழானது: முதலில் கருத்து, அடுத்து வெளியீடு, அதன்பிறகே நிரல், கடைசியில் விளக்கம்.

## தொடங்கும் முன் தேவையானவை

ஓட்டிப் பார்க்க ஒரு சூழல். எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அந்த மொழி உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதன் பதிப்பு எண்ணை ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். இதன் அருமை 9-ஆம் படியில் தெரியும்.

காலியான ஒரு கோப்புறை. வேலை செய்துகொண்டிருக்கும் திட்டத்துக்குள் எடுத்துக்காட்டை எழுதாதீர்கள். அங்கே இருக்கும் அமைப்புகளும் நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களும்) உங்களுக்குத் தெரியாமலே கைகொடுக்கும். வாசிப்பவரிடம் அவை இருக்காது.

வெறும் உரையைச் சேமிக்கும் ஒரு தொகுப்பி (எடிட்டர்). கடிதம் எழுதும் மென்பொருளில் நிரல் எழுதக் கூடாது. அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். வளைந்த குறியை மொழி ஏற்காது.

ஒரு காகிதம். 2-ஆம் படிக்கு இது உண்மையிலேயே வேண்டும்.

கீழே வரும் நிரல்களைப் பற்றி ஒரு குறிப்பு. நடை பைதான் என்ற நிரல் மொழியுடையது, சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் காட்டுவதற்கு ‘அச்சிடு’ (print), பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்க ‘இணை’ (append), பட்டியலைப் பிரதி எடுக்க ‘நகலெடு’ (copy), பெயர் வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டை வரையறுக்க ‘செயல்கூறு’ (def), மதிப்பைத் திருப்பி அனுப்ப ‘திருப்பு’ (return), மதிப்பு எதுவும் தரப்படவில்லையா என்று பார்க்க ‘வரிசை இன்மை எனில்’ (if வரிசை is None), விடையைச் சோதிக்க ‘உறுதிசெய்’ (assert). ஓட்டிப் பார்க்கும்போது இவற்றுக்குப் பதிலாகப் பைதானின் சொற்களை இட்டுக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயர்களை மாற்றத் தேவையில்லை. பைதான் 3 தமிழ் எழுத்துகளில் வைத்த பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

## 1. கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“பட்டியல்” என்பது கருத்து ஆகாது, அது ஒரு தலைப்பு. “பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது” என்பதும் தலைப்புதான். கருத்து இப்படி இருக்க வேண்டும்:

*ஒரு பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்தால், புதிய பட்டியல் உருவாகாது.*

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இந்த வாக்கியம் பொய்யாக இருக்க வாய்ப்பு உண்டு. பொய்யாக இருக்க வாய்ப்புள்ள வாக்கியத்தைத்தான் ஒரு நிரலை ஓட்டி உண்மையா என்று சோதிக்க முடியும். தலைப்பை எந்த நிரலாலும் சோதிக்க முடியாது. அதனால்தான் தலைப்பை வைத்துத் தொடங்கியவரின் எடுத்துக்காட்டு நாற்பது வரிக்கு நீள்கிறது. எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரிவதில்லை.

வழக்கமான தவறு: வாக்கியத்தின் நடுவில் “மேலும்” வருவது. “இன்னொரு பெயர் வைத்தால் புதிய பட்டியல் உருவாகாது, மேலும் நகலெடுத்தால் உள்பட்டியல்கள் பிரதியாகாது” என்று எழுதினால் அவை இரண்டு கருத்துகள், இரண்டு நிரல்கள். ‘மேலும்’ வரும் இடத்தில் வெட்டுங்கள்.

## 2. நிரலுக்கு முன் வெளியீட்டை எழுதுங்கள்

காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். புதியவர் எதிர்பார்க்கும் வெளியீடு ஒன்று, உண்மையில் வரும் வெளியீடு இன்னொன்று. மேலே எடுத்த கருத்துக்கு, 70, 80 உள்ள பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்து, அந்தப் புதிய பெயர் வழியாக 90-ஐச் சேர்த்து, பழைய பெயரை அச்சிட்டால்:

```
எதிர்பார்ப்பது:  [70, 80]
வருவது:        [70, 80, 90]
```

இந்த இரண்டு வரிக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் எடுத்துக்காட்டின் உயிர். அந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டவே நிரல் எழுதுகிறோம்.

இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்தால் நின்று யோசியுங்கள். வாசிப்பவர் ஏற்கெனவே அறிந்ததைத்தான் காட்டப்போகிறீர்கள். மொழியின் எழுத்துமுறையை அறிமுகப்படுத்தும் முதல் பாடத்துக்கு அது பரவாயில்லை. அதைத் தாண்டிய எதற்கும் அது போதாது.

நான் திருத்திய எடுத்துக்காட்டுகளில் அதிகம் தவறவிடப்பட்ட படி இதுதான். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது, எதற்குக் காகிதம் என்று தோன்றும். ஆனால் வெளியீட்டைப் பார்த்துவிட்ட பிறகு, அது இயல்பானதாகவே நமக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். புதியவர் எங்கே தடுமாறுவார் என்பதை அதற்குப்பின் நம்மால் உணர முடிவதில்லை.

## 3. உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள்

நிரல் சரியாக இருந்தும் உள்ளீடு தவறாக இருந்தால் கருத்து ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது.

பின்ன எண்களைக் கணினி இரண்டடிமான முறையில் (0, 1 என்ற இரண்டு இலக்கங்களில்) வைத்திருக்கிறது, அதனால் சில எண்கள் துல்லியமாக அமையாது. இதைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

```
அச்சிடு(0.5 + 0.25)
```

வெளியீடு 0.75, துல்லியமாக. எதுவும் தெரியவில்லை. அரை, கால் இரண்டும் இரண்டின் அடுக்குகளால் அமைந்த பின்னங்கள், அவை இரண்டடிமானத்தில் முழுதாக அடங்கிவிடுகின்றன. இப்போது:

```
அச்சிடு(0.1 + 0.2)
```

வெளியீடு 0.30000000000000004. பத்தில் ஒன்றை இரண்டடிமானத்தில் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போக வேண்டியிருக்கும், ஓர் இடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டியதால் வந்த மிச்சம்தான் கடைசியில் நிற்கும் அந்த 4. இரண்டுமே ஒரு வரி நிரல்கள்தான், கூட்டல்தான். எண்களை மாற்றியதும் பாடம் வெளியே வந்துவிட்டது. (இதைப் பைதானின் வழு என்று யாராவது சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியிலும் ஓட்டிக் காட்டுங்கள். இரண்டும், பின்ன எண்களைக் கணினியில் வைப்பதற்கான ஐஇஇஇ 754 தரத்தின் 64 பிட் எண்களைத்தான் பயன்படுத்துகின்றன.)

இதேபோல இன்னும் சில. பைதான் 3-இல் 3.5-ஐ முழு எண்ணாகச் சுற்றினால் 4 வரும், பள்ளியில் படித்தது போலவே. 2.5-ஐச் சுற்றினால் 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குச் சுற்றுவது அதன் விதி. 3.5-ஐ மட்டும் கொடுத்தவர் அந்த விதியைக் காட்டவே இல்லை.

முழு எண் வகுத்தலில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் பைதானிலும் சி மொழியிலும் 3. −7-ஐ 2-ஆல் வகுத்தால் பைதானில் −4, சி-யில் −3. ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது, இன்னொன்று பின்னத்தை வெட்டிவிடுகிறது. எதிர்ம எண்ணைக் கொடுக்காதவரை இரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

பெருக்கலைக் காட்ட 2-ஐயும் 2-ஐயும் கொடுப்பதும் இந்த வகைத் தவறுதான். விடை 4 என்று வந்தால், நிரல் கூட்டியதா பெருக்கியதா என்று வெளியீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 3, 4 என்று கொடுங்கள்.

நம் மொழியிலேயே ஓர் அருமையான உள்ளீடு இருக்கிறது. எழுத்துச்சரத்தின் (மேற்கோள் குறிக்குள் எழுதும் உரையின்) நீளத்தை எண்ணும்போது பைதான் எண்ணுவது யூனிக்கோடு குறியீட்டுப் புள்ளிகளை (எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியாகத் தந்த எண்களை), நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. இந்தக் கருத்துக்கு “பல” என்ற சொல்லைக் கொடுத்தால் 2 என்று வரும், நாம் எண்ணுவதும் இரண்டுதான். “தமிழ்” என்று கொடுத்தால் 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. அடுத்து “விகடகவி”யைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள் (‘தலைகீழ்(சொல்)’ என்பதைப் பைதானில் `சொல்[::-1]` என்று எழுத வேண்டும்):

```
சொல் = "விகடகவி"
அச்சிடு(சொல் == தலைகீழ்(சொல்))
```

நாம் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே சொல். ஆனால் குறியீட்டுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பும் நிரல் ‘பொய்’ என்கிறது. திருப்பும்போது இகரக் குறி தன் எழுத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போய்விடுகிறது. விளக்கமே இல்லாமல் இந்த ஒரு வெளியீட்டைப் பார்த்தவர் அதற்குப்பின் எழுத்தையும் குறியீட்டுப் புள்ளியையும் குழப்பிக்கொள்வதில்லை.

## 4. ஓடக்கூடிய மிகச் சிறிய நிரலை எழுதுங்கள்

இப்போதுதான் விசைப்பலகை. முதலில் எடுத்த கருத்துக்கான நிரல்:

```
மதிப்பெண்கள் = [70, 80]
நகல் = மதிப்பெண்கள்
நகல்.இணை(90)
அச்சிடு(மதிப்பெண்கள்)
```

வெளியீடு:

```
[70, 80, 90]
```

நான்கு வரிதான், ஆனால் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழ இடம் இருக்கிறது.

கடைசி வரியைப் பாருங்கள். அச்சிடுவது ‘மதிப்பெண்கள்’, ‘நகல்’ அல்ல. புதியவர்களில் பலர் ‘நகல்’ என்பதை அச்சிடுகிறார்கள், ஏனென்றால் மாற்றியது அதைத்தான். ஆனால் மாற்றிய ஒன்று மாறியிருக்கிறது என்பதில் என்ன இருக்கிறது? பட்டியல் பிரதியாகியிருந்தாலும் அதே வெளியீடுதான் வந்திருக்கும். தொடாத பெயரை அச்சிட்டால்தான் கருத்து வெளிப்படும்.

மூன்றாவது வரியும் அப்படித்தான். இதற்குப் பதிலாக,

```
நகல் = நகல் + [90]
```

என்று எழுதினால் வெளியீடு [70, 80]. கூட்டல் ஒரு புதிய பட்டியலை உருவாக்கி, ‘நகல்’ என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. பழைய பட்டியலை யாரும் தொடவில்லை. நீங்கள் நிறுவ வந்ததற்கு நேர் எதிரானதை நிறுவியது போல ஆகிவிடும். கூட்டல் குறியையும் சமக்குறியையும் சேர்த்து `நகல் += [90]` என்று எழுதினாலோ, மறுபடி அதே பட்டியல்தான் மாறும். இந்த நுணுக்கம் தனியாக ஓர் எடுத்துக்காட்டுக்கு உரியது. இங்கே சேர்க்காதீர்கள்.

சில கருத்துகள் ஒருமுறை ஓட்டினால் தெரியாது. செயல்கூறின் இயல்பு மதிப்பு (அழைப்பவர் எதுவும் தராதபோது அது எடுத்துக்கொள்ளும் மதிப்பு), செயல்கூறை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகிறது என்பது அப்படிப்பட்டது:

```
செயல்கூறு சேர்(பெயர், வரிசை=[]):
    வரிசை.இணை(பெயர்)
    திருப்பு வரிசை

அச்சிடு(சேர்("கயல்"))
அச்சிடு(சேர்("மாறன்"))
```

வெளியீடு:

```
['கயல்']
['கயல்', 'மாறன்']
```

முதல் அழைப்போடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். இரண்டாவது அழைப்பில்தான் ‘கயல்’ போகாமல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நினைவில் தங்குவது, பகிரப்படுவது, எண்ணிக்கை கூடுவது போன்ற எதைக் காட்டவும் குறைந்தது இரண்டு அழைப்புகள் வேண்டும்.

## 5. உண்மையான பெயர்களை வையுங்கள்

க, ங, ச என்று ஓரெழுத்துப் பெயர் வைத்தால் நிரல் சுருங்கும். ஆனால் வாசிப்பவர் எது எது என்று மனத்தில் ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அந்தச் சுமையில் கருத்து நழுவிவிடும்.

மேலே ‘நகல்’ என்று பெயர் வைத்ததற்கும் காரணம் உண்டு. அது உண்மையில் நகல் அல்ல. ஆனால் இந்தத் தவறைச் செய்பவர் அப்படித்தான் பெயர் வைப்பார், ஏனென்றால் நகல் எடுத்துவிட்டதாகத்தான் அவர் நம்புகிறார். தவறைக் காட்டும் நிரலில், தவறு செய்பவரின் நம்பிக்கை பெயரில் தெரிய வேண்டும். அப்போதுதான் வாசிப்பவர் தன் நிரலில் இருக்கும் அதே தவறை அடையாளம் காண்பார்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் கவனம் வேண்டும். பைதானில் தற்செயல் எண்களைத் தரும் ரேண்டம் (random) என்ற நூலகத்தை விளக்கும் எடுத்துக்காட்டை அதே பெயரில் ஒரு கோப்பில் சேமித்தால், நிரல் நூலகத்தைத் தேடும்போது உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பைதானின் பழைய பதிப்புகளில் வரும் பிழைச்செய்தியோ வேறெதையோ பேசும். மணிக்கணக்கில் இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 6. ஒவ்வொரு வரியாக நீக்கிப் பாருங்கள்

நிரல் ஓடுகிறது, வெளியீடு காகிதத்தில் எழுதியது போலவே வருகிறது. இப்போது ஒரு வரியை நீக்கி ஓட்டுங்கள். வெளியீடு மாறவில்லை என்றால் அந்த வரி தேவையில்லை. மாறினாலோ பிழை வந்தாலோ திரும்ப வையுங்கள். கடைசி வரி வரை இப்படியே போங்கள்.

கண்ணால் பார்த்து நீக்குவது போதாது. எழுதியவரின் கண்ணுக்கு எல்லா வரியும் தேவையாகத்தான் படும்.

பெரும்பாலும் இந்தப் படியில் கழிபவை: பயனரிடம் உள்ளீடு கேட்கும் வரிகள், இன்றைய தேதியை எடுக்கும் வரிகள், தற்செயல் எண்கள், கோப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ தரவைப் படிக்கும் வரிகள். இவற்றுக்குப் பதில் நிலையான மதிப்பை நேரடியாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வெளியீடு வந்தால், வாசிப்பவரால் தனக்கு வந்தது சரிதானா என்று ஒப்பிட முடியாது.

ஒளிந்திருக்கும் ஒரு கண்ணியும் உண்டு. பைதானில் எழுத்துச்சரங்களைக் கொண்ட ஒரு கணத்தை (set, வரிசை இல்லாத தொகுப்பு) அச்சிட்டால், வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறலாம். உங்கள் கணினியில் நீங்கள் பார்த்த வரிசை வாசிப்பவருக்கு வராமல் போகலாம். அகரவரிசைப்படுத்தி அச்சிடுங்கள்.

வழக்கமான தவறு: வரிகளை நீக்குவதற்குப் பதில் நெருக்கி ஒரே வரியாக்குவது. மூன்று செயல்களை ஒரு வரியில் அடைத்தால் நிரல் சுருங்கியது போலத் தோன்றும், ஆனால் வாசிக்கும் நேரம் கூடும். நீக்குவது வேறு, நெருக்குவது வேறு.

## 7. தவறையும் திருத்தத்தையும் ஒரே ஒரு மாற்றத்தில் காட்டுங்கள்

பிழையைக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. திருத்திய வடிவத்தையும் முழுமையாகக் கொடுங்கள்:

```
மதிப்பெண்கள் = [70, 80]
நகல் = மதிப்பெண்கள்.நகலெடு()
நகல்.இணை(90)
அச்சிடு(மதிப்பெண்கள்)
```

வெளியீடு:

```
[70, 80]
```

முதல் நிரலுக்கும் இதற்கும் ஒரு வரிதான் வேறுபாடு. பெயர்கள் அதே, எண்கள் அதே, அச்சிடும் வரி அதே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெளியீடு மாறியதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான் என்பதில் சந்தேகம் வராது.

திருத்தும்போது கை சும்மா இருக்காது. பெயரைக் கொஞ்சம் நல்லதாக்கலாம், எண்ணை மாற்றலாம், இன்னொரு சோதனை சேர்க்கலாம் என்று தோன்றும். சேர்த்துவிட்டால், எந்த மாற்றத்தால் விளைவு மாறியது என்று வாசிப்பவர் தேட வேண்டியிருக்கும். அந்த மேம்பாடுகள் தேவை என்றால் முதல் நிரலிலும் சேர்த்துச் செய்யுங்கள்.

இயல்பு மதிப்பு நிரலுக்கான திருத்தத்தில் மட்டும் இரண்டு வரி கூடும், அதைத் தவிர்க்க முடியாது:

```
செயல்கூறு சேர்(பெயர், வரிசை=இன்மை):
    வரிசை இன்மை எனில்:
        வரிசை = []
    வரிசை.இணை(பெயர்)
    திருப்பு வரிசை
```

புதிய பட்டியல் உருவாகும் வரி இப்போது செயல்கூறின் உடலுக்குள் வந்துவிட்டது. அதனால், பட்டியல் தராமல் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடுகிறது. அழைக்கும் இரண்டு வரிகளையும் மாற்றாமல் கீழே சேர்த்து ஓட்டினால், இரண்டாவது வரியில் ‘மாறன்’ மட்டும் வரும்.

## 8. சுத்தமான இடத்தில் ஓட்டுங்கள்

உங்கள் தொகுப்பியில் ஓடியது என்பதால் வாசிப்பவரிடமும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருமுறை புதியவர்கள் குழு ஒன்றுக்கு ஓர் எடுத்துக்காட்டை அனுப்பினேன். என்னிடம் அழகாக ஓடியது. அவர்கள் எல்லோருக்கும், ‘இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை’ என்ற பிழை. காலையில் வேறெதற்கோ உருவாக்கிய ஒரு மாறி, நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கின் நினைவில் அப்படியே இருந்திருக்கிறது. அதை உருவாக்கிய கட்டத்தை அழித்துவிட்டேன், மாறி மட்டும் அழியவில்லை. அன்றைக்கு அவர்களுடைய முதல் அரை மணி நேரம், அவர்கள் செய்யாத தவறைத் தேடுவதிலேயே போனது. அதற்குப்பின் இந்தப் படியை நான் ஒருநாளும் விட்டதில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. நோட்புக்கில் எழுதினால், நினைவை அழித்து மறுதொடக்கம் செய்து, மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் ஓட்டுங்கள்.
2. காலியான புதிய கோப்புறையில், புதிதாகத் திறந்த டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ஓட்டுங்கள்.
3. வாசிப்பவர் பார்க்கப்போகும் பக்கத்திலிருந்தோ கோப்பிலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டி ஓட்டுங்கள். உங்கள் மூலக் கோப்பிலிருந்து அல்ல.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்கோள் குறி வளைவது, வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி காணாமல் போவது, வரி எண்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்வது எல்லாம் நடப்பது இங்கேதான். பைதானில் இடைவெளிதான் கட்டமைப்பு என்பதால், அது போனால் நிரலே போய்விடும். டேப்பும் இடைவெளியும் முரண்பட்டுக் கலந்தாலும் பைதான் 3 ஓட மறுக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

வெளியீட்டையும் கையால் தட்டாதீர்கள், திரையில் வந்ததை நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டும்போது, வர வேண்டும் என்று நாம் நினைப்பதைத்தான் விரல்கள் எழுதும்.

## 9. எடுத்துக்காட்டு தன்னைத்தானே சரிபார்க்கட்டும்

இன்று சரியாக ஓடும் நிரல் மொழியின் அடுத்த பதிப்பில் வேறு மாதிரி நடக்கலாம். பைதான் 2-இல் 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0 வந்தது. பைதான் 3-இல் அதே வரிக்கு 0.5 வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, விடை மட்டும் மாறிவிட்டது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைதான் 2-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, ஆனால் அதற்கென எழுதிய எடுத்துக்காட்டுகள் இன்னும் பல இடங்களில் பதிப்பு எண் இல்லாமல் கிடக்கின்றன. புதியவருக்கு எது எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும்? எனவே முதல் வரியிலேயே பதிப்பை எழுதிவிடுங்கள்.

அதோடு, எதிர்பார்க்கும் விடையை நிரலுக்குள்ளேயே வையுங்கள்:

```
உறுதிசெய் மதிப்பெண்கள் == [70, 80, 90]
```

விடை பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பைதானோடு வரும் டாக்டெஸ்ட் என்ற கருவி இன்னும் வசதியானது. ஆவணத்தில் எழுதிய நிரலையும் அதன்கீழ் உள்ள வெளியீட்டையும் தானே படித்து, ஓட்டி, இரண்டையும் ஒப்பிடும். ஓர் இடைவெளி கூடினாலும் பொதுவாகப் பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். தொடக்கத்தில் அது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அந்தக் கறார்தான் உங்களுக்கு வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பில் வைத்து, கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில்) சேருங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லாம் தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், மொழியின் புதிய பதிப்புக்கு மாறும் நாளில் எவை உடைந்தன என்று சில நொடிகளில் தெரிந்துவிடும்.

## 10. விளக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

நிரலும் வெளியீடும் உறுதியான பிறகு இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். எந்த வரியில் எதிர்பார்ப்பும் உண்மையும் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன. நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி: “இரண்டாவது வரியில் சமக்குறி பட்டியலைப் பிரதி எடுக்கவில்லை, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயரைக் கொடுத்தது. அதனால் ஒரு பெயர் வழியாகச் செய்த மாற்றம் மற்றொன்றின் வழியாகவும் தெரிகிறது.”

நிரலின் உள்ளே எழுதும் குறிப்புகளில் சிக்கனம் வேண்டும். `நகல்.இணை(90)` என்பதற்குப் பக்கத்தில் “90-ஐ இணைக்கிறோம்” என்று எழுதினால் வாசிப்பவர் ஒரே விஷயத்தை இருமுறை படிக்கிறார். ‘என்ன’ என்பதை நிரலே சொல்கிறது. குறிப்பு சொல்ல வேண்டியது ‘ஏன்’ என்பதை மட்டும்.

விளக்கம் ஒரு பக்கத்துக்கு நீண்டால், விளக்கத்தைச் சுருக்குவதில் நேரம் செலவிட வேண்டாம். கோளாறு 1-ஆம் படியில் இருக்கிறது. ஒரே நிரலுக்குள் இரண்டு கருத்துகள் நுழைந்திருக்கும்.

## 11. புதியவர் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள்

கருத்தை அறியாத ஒருவரிடம் நிரலை மட்டும் கொடுங்கள், வெளியீட்டை மறைத்துவிடுங்கள். ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும்வரை பேசாதீர்கள். பேசாமல் இருப்பதுதான் இந்தப் படியில் கடினமானது, உதவ வேண்டும் என்று மனம் துடிக்கும்.

அவர் எழுதியது நீங்கள் காகிதத்தில் ‘எதிர்பார்ப்பது’ என்று எழுதிய வரியோடு ஒத்துப்போனால் எடுத்துக்காட்டு வேலை செய்கிறது. இனி அவரையே ஓட்டச் சொல்லுங்கள்.

உண்மையான வெளியீட்டையே அவர் எழுதிவிட்டால், அவருக்கு அந்தக் கருத்து தெரிந்திருக்கலாம், அல்லது உங்கள் உள்ளீடு கருத்தை மறைத்திருக்கலாம். இன்னொருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். அவரும் சரியாகவே எழுதினால் 3-ஆம் படிக்குத் திரும்பி உள்ளீட்டை மாற்றுங்கள்.

மூன்றாவதாக எதையாவது எழுதினால், அதுவரை நீங்கள் யோசிக்காத ஒரு தவறான புரிதல் அவரிடம் இருக்கிறது. அதைத் திருத்த அவசரப்படாமல், ஏன் அப்படி நினைத்தார் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த எடுத்துக்காட்டின் 1-ஆம் படிக்கான வாக்கியம் அதிலிருந்து கிடைக்கும்.